ஏர் பிஸ்டல் சுட ஆரம்பிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் எங்கள் ஊர் ரைபிள் கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு ரேஞ்சைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதற்கு அப்புறம் கூட்டம் கூடியது, கேள்விகள் மட்டும் அதேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம். இங்கே பேசுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பற்றி மட்டும். ரைபிள்காரர்கள் மன்னிக்க.

ஏர் பிஸ்டல்னா திருவிழாவுல பலூன் சுடுவாங்களே, அதுவா?

இரண்டிலும் காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. ஒற்றுமை அத்தோடு முடிந்தது. போட்டி பிஸ்டலில் 200 பார் அளவுக்கு அழுத்திய காற்று ஒரு சிறு சிலிண்டரில் இருக்கும். ஒவ்வொரு முறையும் அளந்து வைத்ததுபோல ஒரே அளவு காற்று வெளியேறி, 4.5 மி.மீ. ஈயக் குண்டை வினாடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் வேகத்தில் தள்ளும். அந்தக் குண்டைத்தான் பெல்லட் என்கிறோம்.

குறிவைத்துச் சுடும் அட்டையில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.தான். 10 மீட்டர் தள்ளி நின்று, ஒரே கையில் பிஸ்டலைப் பிடித்து, 75 நிமிடத்துக்குள் 60 முறை அதை அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் 15 நிமிடம் தயாராகவும் ஒத்திகை பார்க்கவும் தருவார்கள். ஒலிம்பிக்கில் இது 1988 சியோலில் சேர்ந்தது.

லைசென்ஸ் வேணுமா சார்? போலீஸ் பிரச்சினை வருமா?

4.5 மி.மீ.க்கு மேற்படாத குழாய் விட்டம், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்ற வரம்புக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் சக்தி 5, 6 ஜூல்தான். கடையில் அடையாள அட்டை கேட்பார்கள், கொடுங்கள். பில்லைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்றால் எங்கும் எடுத்துக்கொண்டு அலையலாம் என்று அர்த்தமில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது துப்பாக்கி, அவ்வளவுதான். பெட்டிக்குள் பூட்டி ரேஞ்சுக்குக் கொண்டுவாருங்கள், பூட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மொட்டைமாடியில் புறா, மைனா என்று குறிபார்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளும் வேலை. அந்த நோக்கத்தோடு வருகிறவர்களை நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை.

என் பொண்ணுக்கு பத்து வயசு. இப்பவே சேர்த்துடலாமா?

வயதைவிட நான் பார்ப்பது தோள்பட்டையை. பிஸ்டல் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கையை முழுக்க நீட்டி அதை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஏற்றி இறக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கனம் தாங்காமல் முதுகைப் பின்பக்கம் வளைத்து நிற்பார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அப்புறம் எடுப்பது பெரும்பாடு. ரைபிளையோ பிஸ்டலையோ மேசையில் தாங்கிவைத்துச் சுடப் பழக்கும் கோச் கிடைத்தால் சீக்கிரம் ஆரம்பிக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு வருடம் நீச்சலுக்கு அனுப்புங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனைச் சொல்லி நிறைய அப்பாக்கள் வருகிறார்கள். அவர் சுடுவது ரைபிள். இரண்டையும் காட்டிவிட்டு, எது பிடிக்கிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

முதல்லயே நல்ல பிஸ்டல் ஒண்ணு வாங்கிடறேன். எது வாங்கலாம்?

வாங்காதீர்கள். முதல் சில மாதம் கிளப் பிஸ்டல் போதும். ஸ்டெயர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ், வால்தர், பார்டினி என்று நீங்கள் கேள்விப்படும் எல்லாமே நீங்கள் சுடுவதைவிட நன்றாகச் சுடும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்டு வாங்கிவிட்டு, மூன்றாம் மாதம் பிள்ளை கிரிக்கெட்டுக்குத் திரும்பிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கும் நேரம் வரும்போது பெயரைவிட முக்கியம் கைப்பிடி. மரப்பிடி சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவுகளில் வரும். உள்ளங்கை முழுக்க ஒட்ட வேண்டும், ஆள்காட்டி விரல் மட்டும் மரத்தில் உரசாமல் தனியாக நிற்க வேண்டும். சரியாக உட்காராத இடத்தை அரம் வைத்துத் தேய்ப்பதும், பள்ளத்தில் மரப்புட்டி அப்புவதும் எல்லோரும் செய்வதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, அது விதி. அடுத்தவர் பிஸ்டலைக் கடையில் பிடித்துப் பார்த்து "சூப்பரா இருக்கு" என்று அதே அளவை ஆர்டர் செய்வதுதான் பணம் வீணாகும் சுலபமான வழி.

என் கை ஆடிக்கிட்டே இருக்கு. எனக்கு இது வராதா?

எல்லோருக்கும் ஆடும். ஒலிம்பிக் ஆட்களுக்கும் ஆடும், அவர்கள் கை ஆடும் வட்டம் சின்னது. ஒரே கையால் ஒரு கிலோவை நீட்டிப் பிடித்தால் அசையாமல் நிற்க மனித உடம்பில் வழியில்லை. "ஆட்டம் நிற்கும் நொடிக்காகக் காத்திருக்கிறேன்" என்பவர்கள்தான் மோசமாகச் சுடுகிறார்கள். அந்த நொடி வந்துவிட்டது என்று தோன்றியதும் விரலை வெடுக்கென்று இழுக்கிறார்கள்.

ஆட்டத்தைக் குறைக்க வழிகள் உண்டு. கால்கள் தோள் அகலத்துக்கு, உடம்பு பக்கவாட்டில், சும்மா இருக்கும் கை பேன்ட் பாக்கெட்டில் அல்லது பெல்ட்டில். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்குங்கள், பிறகு திறந்து பாருங்கள். குறி அட்டைக்கு இடப்பக்கம் போயிருந்தால் கையைத் திருப்பிச் சரிசெய்யாதீர்கள், பின்காலை நகர்த்துங்கள். தூக்கிய கை அட்டையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்குக் கீழே வந்து நின்றதும் ஐந்து முதல் எட்டு நொடிக்குள் வெடிக்க வேண்டும். பத்து நொடி தாண்டியும் வெடிக்கவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். 75 நிமிடத்தில் இறக்கி ஏற்ற நேரம் தாராளம்.

கறுப்பு வட்டத்தைப் பார்க்கணுமா, முன்குறியைப் பார்க்கணுமா?

குழாய் முனையில் இருக்கும் முன்குறியை. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

பிஸ்டலின் பின்குறியில் ஒரு சதுரப் பள்ளம் இருக்கிறது. அதன் நடுவில் முன்குறியின் கறுப்புத் தூண் தெரியும். தூணின் இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சம், தலைப்பு இரண்டும் ஒரே மட்டம். இதுதான் "குறி நேராக இருக்கிறது" என்பது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 32 செ.மீ. இருக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். கை அப்படியே நேராக ஒரு மி.மீ. நகர்ந்தால் பெல்லட்டும் ஒரு மி.மீ.தான் நகரும். ஆனால் முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரு மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது 31 மி.மீ. ஆகிவிடும். அட்டையில் 7-வது வட்டம். கை ஆட்டம் 9 கொடுக்கும், குறிச் சாய்வு 7 கொடுக்கும். இரண்டில் எதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டு தூரத்தைத் தெளிவாகப் பார்க்க முடியாது. அதனால் முன்குறி கத்தி முனைபோலத் தெளிவாக, அட்டை மங்கலாகத் தெரியட்டும். கறுப்பின் நடுவில் குறிவைக்கவும் வேண்டாம், கறுப்பில் கறுப்பு கரைந்துவிடும். கறுப்புக்குக் கீழே, வெள்ளையில் குறியை நிறுத்துங்கள். பெல்லட் நடுவில் விழும்படி பின்குறியின் திருகைத் திருப்பிக்கொள்ளலாம்.

நடுவுல இருக்குன்னு தெரிஞ்சதும் டக்குனு அழுத்திடணும்தானே?

இல்லவே இல்லை. அந்த "டக்கு"தான் எதிரி. வலது கைக்காரர் டக்கென்று அழுத்தினால் பெல்லட் இடப்பக்கம் கீழே போய் விழும். அட்டையில் அங்கே ஒரு கொத்து ஓட்டைகள் இருந்தால் எந்தக் கோச்சும் பக்கத்தில் நிற்காமலேயே காரணத்தைச் சொல்லிவிடுவார்.

ட்ரிகருக்கு இரண்டு கட்டம் உண்டு. முதலில் கொஞ்சம் தொளதொளவென்று வரும், பிறகு ஒரு சுவரில் முட்டும். பிஸ்டல் கீழே இறங்கி வரும்போதே முதல் கட்டத்தை எடுத்துவிடுங்கள். குறி இடத்துக்கு வந்ததும் சுவரின்மேல் அழுத்தம் மெதுவாக, நிற்காமல் ஏறட்டும். கண் முன்குறியில் இருக்கும்போதே அது தானாக வெடிக்க வேண்டும். வெடித்த பிறகும் இரண்டு நொடி கையை அப்படியே வைத்து முன்குறியைப் பார்த்துக்கொண்டிருங்கள். "எங்கே விழுந்தது?" என்று தலையை எட்டிப் பார்க்கிற அவசரம் அடுத்த குண்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

ட்ரிகரை இன்னும் லேசாக்கினா நல்லாருக்குமே?

ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. குழாயை நெட்டுக்குத்தாக நிறுத்தி, ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். விசை விழாமல் எடை எழும்ப வேண்டும். போட்டி முடிந்த பிறகும் சீட்டுக் குலுக்கிச் சிலரைச் சோதிப்பார்கள், அப்போது தோற்றால் அன்றைய ஸ்கோர் மொத்தமும் போச்சு. 510, 520 என்று வைத்துக்கொள்வது நிம்மதி. மொத்த பிஸ்டலின் எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது, 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும்.

வீட்ல ரேஞ்ச் இல்ல. தினமும் எப்படிப் பழகறது?

வெள்ளைச் சுவர் இருந்தால் போதும். போட்டி பிஸ்டல்களில் காற்று வெளியேறாமல் ட்ரிகர் மட்டும் வேலை செய்யும்படி ஒரு அமைப்பு இருக்கும். அதைப் போட்டு, பெல்லட் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று வெற்றுச் சுவரை நோக்கிச் சுடுங்கள். அட்டை ஒட்டாதீர்கள். அட்டை இல்லாதபோதுதான் முன்குறி விரலோடு சேர்ந்து துள்ளுகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். தினம் இருபது நிமிடம் இதைச் செய்கிறவர்கள் வாரம் ஒருநாள் முந்நூறு பெல்லட் கொளுத்துகிறவர்களைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள், செலவும் இல்லை. ஸ்பிரிங் வைத்த சாதாரண ஏர் கன்னில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், உள்ளே உடையும்.

ஒரு கண்ணை மூடணுமா? நான் கண்ணாடி வேற போட்டிருக்கேன்.

மூடினால் ஒரு மணி நேரத்தில் முகமே இறுகிப்போகும். சுடாத கண்ணுக்கு முன்னால் 30 மி.மீ. அகலம் வரை ஒரு மறைப்பு வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. வெள்ளைத் தாளோ பால் நிற பிளாஸ்டிக்கோ நல்லது, கறுப்பு வேண்டாம்.

நாற்பது தாண்டியவர்களுக்கு முன்குறி மங்கும். கண் மருத்துவரிடம் "படிக்க" என்று சொன்னால் புத்தக தூரத்துக்குக் கண்ணாடி தருவார், அது உதவாது. முன்குறி இருப்பது கையை நீட்டிய தூரத்துக்கும் சற்று அப்பால். தூரப்பார்வை எண்ணோடு 0.5 முதல் 0.75 வரை கூட்டினால் பெரும்பாலோருக்குச் சரியாக வரும். அளந்து பார்த்தே செய்யுங்கள்.

பெல்லட் எது வாங்கறது? எல்லாமே ஈயம்தானே?

தட்டைத் தலை பெல்லட் மட்டும். அது அட்டையில் பஞ்ச் அடித்தமாதிரி வட்டமாக வெட்டும், ஸ்கோர் பார்ப்பது எளிது. கூர்மூக்கு பெல்லட் அட்டையைக் கிழிக்கும்.

டப்பாவின்மேல் 4.48, 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒன்று ஒத்துவரும். பெரிய ஆட்கள் பிஸ்டலை இடுக்கியில் பூட்டி, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் சிலவற்றைச் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் 600-க்கு 550 சுட ஆரம்பிக்கும்வரை அதெல்லாம் வேண்டாம். கிளப்பில் விற்கும் பயிற்சி பெல்லட்டை வாங்குங்கள். பாவாடைபோல விரிந்த பின்பக்கம் நசுங்கியதை மட்டும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். டப்பா கீழே விழுந்திருந்தால் நிறைய இருக்கும்.

அமெரிக்காவுல தோட்டாவை வீட்லயே செய்துக்கறாங்களாமே. 25 மீட்டர் பிஸ்டலுக்குப் போனா நாமளும் அப்படிச் செய்யலாமா?

அங்கே அது சட்டப்படி நடக்கும் பெரிய பொழுதுபோக்கு. சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. யூடியூப் பார்த்து இறங்கினால் சிறைதான்.

போகட்டும், தோட்டா போட்டுச் சுடும் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் பெரும்பாலோர் சுடுவது .22 தோட்டா. அதில் தீமூட்டும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை அடித்ததும் கூடு வீண். அமெரிக்கர்களும் அதைத் தூக்கித்தான் போடுகிறார்கள். தோட்டாவில் கைவைக்கும் ஆசை இருப்பவர்கள் மேலே சொன்ன பெல்லட் சோதனையோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

சிலிண்டர்ல காத்து தீர்ந்துட்டா சைக்கிள் கடையில அடிச்சுக்கலாமா?

சைக்கிள் பம்ப் 200 பாருக்குப் பக்கத்தில்கூட வராது. கிளப்பில் பெரிய ஸ்கூபா சிலிண்டர் இருக்கும், அல்லது இதற்கென்றே வரும் கைப்பம்பு. எக்காரணம் கொண்டும் ஆக்ஸிஜன் நிரப்பக் கூடாது, எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டரின்மேல் தேதி குத்தியிருக்கும். பத்து வருடம் தாண்டியதைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான். கடலோர ஊர்களில் கைப்பம்பு ஈரத்தையும் சேர்த்து உள்ளே தள்ளும், நடுநடுவே நிறுத்தி ஈரத்தை வெளியேற்றுங்கள்.

ஈயம் விஷமாச்சே, பிள்ளைங்களுக்கு ஆபத்து இல்லையா?

பெல்லட்டைத் தொட்ட கையோடு முறுக்கு தின்றால் ஆபத்து. வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்கிற பழக்கம் சில பெரியவர்களிடமே இருக்கிறது, பார்த்தால் சத்தம் போடுவேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ரேஞ்சுக்குள் தின்பண்டம் வேண்டாம். பெல்லட் தடுப்புக்குப் பின்னால் சேரும் தூளைப் பிள்ளைகளை விட்டுப் பெருக்கச் சொல்லாதீர்கள். அப்புறம், பெல்லட் தெறித்துத் திரும்பும் வாய்ப்பு உண்டு, கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

எலக்ட்ரானிக் ட்ரிகர் வாங்கினா ஸ்கோர் ஏறுமா?

ட்ரிகர் முட்டும் அந்தச் சுவர் கொஞ்சம் சுத்தமாக உடையும், வீட்டில் பழகவும் வசதி. ஸ்கோர் ஏறுவது விரலைப் பொறுத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் கோளாறாகி, பல நிமிடம் பறிபோனது. மீதி நேரத்தில் அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். 12-வது இடம், இறுதிச் சுற்றுக்கு 577 தேவைப்பட்டது. எந்த வகை ட்ரிகரானாலும் போட்டிக்கு முன்தினம் எல்லாத் திருகையும் பாருங்கள், மின்சாரத்தில் ஓடுவதென்றால் மாற்று பேட்டரியும் கையில் இருக்கட்டும்.

ரயில்ல, விமானத்துல கொண்டுபோக முடியுமா?

முடியும். விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. பதிவு செய்யும் பெட்டியில், முன்கூட்டியே சொல்லி, சிலிண்டரைக் கழற்றி காற்றைக் காலி செய்து. போட்டி அழைப்புக் கடிதத்தின் நகல் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். ரயிலில் பெட்டியைத் திறந்து பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டாதீர்கள், அது போதும்.

பிராக்டிஸ்ல 560 வருது, போட்டியில 540தான். ஏன்?

பிராக்டிஸில் பிடிக்காத குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள், அது முதல் காரணம். 60 குண்டையும் ஒரே மூச்சில் எண்ணிச் சுடும் பழக்கம் வேண்டும். இரண்டாவது, போட்டியில் கை கூடுதலாக ஆடும். உடனே மனம் "நடுவில் வந்தால் அழுத்திவிடலாம்" என்று பேரம் பேச ஆரம்பிக்கும், மேலே ட்ரிகர் கேள்வியில் சொன்ன டக்கு வந்துவிடும். அன்றைக்கு ஆட்டம் பெரிசு என்று ஏற்றுக்கொண்டு அழுத்தத்தை மெதுவாகவே ஏற்றினால் 9-கள் வரும், 7 வராது. 60 குண்டும் 9 என்றாலே 540 ஆயிற்றே.

ஸ்கோர் சமமா வந்தா யாருக்கு இடம்?

தகுதிச் சுற்றில் தசமம் கிடையாது. 10 வட்டத்துக்குள்ளேயே 5 மி.மீ. உள்வட்டம் ஒன்று உண்டு, அதைத் தொட்ட பத்துகளை எண்ணுவார்கள். பாரீஸில் நம்ம சரப்ஜோத் சிங் 577 எடுத்தார், ஜெர்மனியின் ராபின் வால்டரும் 577. சரப்ஜோத்துக்கு உள்வட்டப் பத்து 16, வால்டருக்கு 17. எட்டாவது இடமும் இறுதிச் சுற்றும் வால்டருக்குப் போயின. மூன்று நாள் கழித்து மனுவோடு கலப்பு இரட்டையரில் சரப்ஜோத் வெண்கலம் வாங்கினார் என்பது தனிக் கதை.

இறுதிச் சுற்றில் எல்லாம் தசமம், ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. பாரீஸில் பெண்கள் இறுதிச் சுற்றில் மனு 221.7-இல் வெளியேறியபோது அவருக்கு முன்னால் இருந்த கொரியாவின் கிம் யேஜி 221.8. அந்த 0.1-ஐ அட்டையில் அளந்தால் ஒரு மி.மீ.கூட வராது.